டிரெய்லர் எவ்வளவு தாங்கும்

டெல்டா, கொலராடோ
பிப்ரவரி 26

அன்புள்ள கார்லீன்,

இங்கே நான் நலம். போனில் கூப்பிட வேண்டாம் என்றாய். டென்வர் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம் என்றாய். கடிதம் எழுத வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டாயா, தெரிந்தே விட்டுவிட்டாயா என்று தெரியாது. எதுவானாலும் அந்த இடைவெளியில் நான் நுழைந்துகொள்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. மலைமேல் இன்னும் பனி குறையவில்லை. நீ ஓட்டிய பனி தள்ளும் லாரியை இப்போது லூப் ஓட்டுகிறாள். இருக்கையை உன் உயரத்துக்கு நீ வைத்தபடியே விட்டிருக்கிறாளாம். அவளுக்குக் கால் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் சொருகிக்கொண்டு ஓட்டுகிறாள். ஏன் இருக்கையை நகர்த்தவில்லை என்று கேட்டேன். “அது அவ சீட்டு, பியானோக்காரரே” என்று மட்டும் சொன்னாள்.

நீ சொன்னபடி டிரெய்லரை விற்க விளம்பரம் கொடுத்தேன். மான்ட்ரோஸிலிருந்து ஹாஃப்ஸ்டெட்டர் என்று ஒருவர் மனைவியோடு பார்க்க வந்தார். முன்பாதி வீடு, பின்பாதி பைக் ஏற்றும் கொட்டகை என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லி உள்ளே அழைத்துப் போனேன். “இதுல எவ்வளவு ஏத்தலாம் சார்?” என்று கேட்டார். நிறைய இடம் இருக்கிறது என்றேன். “இடம் கேக்கல சார், எடை கேட்டேன்” என்றார். வெளிச்சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்து, பதினாலாயிரம் பவுண்டு என்று படித்துச் சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்தார். “அப்படீன்னா நம்ம மாட்டுக் கொட்டகையையே ஏத்திரலாம்டி” என்றார்.

ஜெனரேட்டர் ஓடுமா என்று அடுத்த கேள்வி. சுவரில் ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினேன். ஜெனரேட்டர் ஓடவில்லை. கூரையோடு ஒட்டியிருந்த கட்டில் மெதுவாக இறங்கி வந்து அந்த அம்மாள் தொப்பியில் உட்கார்ந்தது. நல்ல மனிதர்கள், கோபப்படவில்லை. போகும்போது ஹாஃப்ஸ்டெட்டர் என் தோளைத் தட்டி, “உங்க வீட்டம்மா இருக்கும்போது சொல்லி அனுப்புங்க, வர்றோம்” என்றார். வீட்டம்மா ஊரில் இல்லை என்றேன்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எனக்கே தெரியாத பொருளை இன்னொருவர் தலையில் கட்டுவது சரியில்லை. முதலில் கற்றுக்கொள்கிறேன். பிறகு விற்கிறேன்.

நேற்று தொடங்கினேன். பம்பு என்று எழுதிய பொத்தானைப் போட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்தேன். இளஞ்சிவப்பாக ஏதோ கொட்டியது. பயந்துபோய் லூப்பைக் கூப்பிட்டேன். சிரித்துவிட்டு, குளிரில் குழாய் வெடிக்காமல் இருக்க ஊற்றும் மருந்து அது, நவம்பரில் நீ விழுந்து நடக்க முடியாமல் போவதற்கு முந்தின வாரம் ஊற்றி வைத்தது என்று சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு அதை வெளியே விட மனம் வரவில்லை. குழாயை மூடிவிட்டேன்.

இன்று வெயில் அடித்தது. பக்கச் சுவரில் இருந்த ஒரு திறப்பில் தோட்டத்துக் குழாயை மாட்டி நல்ல தண்ணீர்த் தொட்டியை நிரப்பப் பார்த்தேன். எவ்வளவு நேரம் விட்டும் அளவு காட்டும் முள் அசையவில்லை. இருட்டிவிட்டதால் நிறுத்திவிட்டேன். நாளை மீண்டும் விடுவேன். முள் கெட்டுப்போயிருக்கிறதா? தெரிந்தால் எழுது.

நீ அனுப்பிய விவாகரத்துக் காகிதங்கள் வந்தன. மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை.

நன்றாகச் சாப்பிடு. தோள் எலும்பு சேர்கிறதா?

இன்னும் உன் கணவன்,
ஆர்லன்


டெல்டா
மார்ச் 14

அன்புள்ள கார்லீன்,

உன் அஞ்சலட்டை கிடைத்தது. ‘அன்புள்ள’ இல்லை, கீழே பெயரும் இல்லை, ஆனாலும் உன் எழுத்து. இடது கையால் எழுதியும் அதட்டல் அப்படியே இருக்கிறது. “மனுஷா, நீ குழாய் மாட்டினது கக்கூஸ் தொட்டி கழுவற வாய். உடனே நிறுத்து. நீ படிச்சது தப்புத் தாள். கதவுப் பக்கம் மஞ்சள் தாள் இருக்கு, அதைப் படி.” எத்தனை தரம் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

அட்டை நான்கு நாள் தாமதம். அதற்குள் கழிவறைப் பீங்கான் வழியாகத் தண்ணீர் மேலே வந்து, நடைபாதையில் ஓடி, வாசற்படியில் இறங்கிவிட்டது. நல்லவேளை, தொட்டியை நீ சுத்தமாகத்தான் வைத்திருந்தாய். லூப்பும் நானும் இரண்டு நாள் தரையைக் காயவைத்தோம். “மலையில மூணு அடி பனியைத் தள்ளிட்டு வர்றேன், இங்க வந்து உங்க வெள்ளத்தையும் தள்ளணுமா” என்றாள். ஆனாலும் வந்தாள்.

மஞ்சள் தாளைப் படித்தேன். பதினாலாயிரம் என்பது டிரெய்லரே தன் உடம்போடு சேர்த்துத் தாங்கும் மொத்தம் என்பது இப்போதுதான் புரிகிறது. நாம் ஏற்றக்கூடியது மூவாயிரத்துக்கும் கொஞ்சம் கீழேதான். ஹாஃப்ஸ்டெட்டருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டுத் திருத்திச் சொன்னேன். “பரவாயில்ல சார், நாங்க அப்பவே நம்பல” என்றார்.

பிறகு ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். குளியலறை எடைமேடையைக் கொண்டுபோய் வைத்து, டிரெய்லருக்குள் இருந்த ஒவ்வொரு பொருளையும் கையில் ஏந்தி அதன்மேல் ஏறி நின்றேன். இத்தனை கனத்தை நீ இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தொட்டி நிறையத் தண்ணீர் என்றாலே எண்ணூறு பவுண்டுக்கு மேல் போகிறது. பைக்குக்கு ஊற்றும் பெட்ரோல் தொட்டி தனி. இரண்டு பைக். மூன்று கருவிப் பெட்டி. இரும்பு வாணலி நான்கு. படுக்கைக்கு அடியில் பாதி எஞ்சின் ஒன்று, துணியில் சுற்றி. எதற்கு அது?

முன்பக்க அலமாரியில் என் மடக்கு நாற்காலி இருந்தது. என் கம்பளி, என் படிக்கும் விளக்கு, நான் படித்து முடிக்காத துப்பறியும் கதைகள் ஒரு பெட்டி நிறைய. அவற்றையும் எடை போட்டேன். நாற்பது பவுண்டு. இத்தனை வருடத்தில் உன்னோடு நான் அதில் வந்தது இரண்டே தடவை. எல்லாத் தடவையும் இவற்றை நீ ஏற்றிக்கொண்டுதான் போயிருக்கிறாய் போலிருக்கிறது. லூப்பிடம் கேட்டேன். “ஒருவேளை அவர் கடைசி நிமிஷம் வர்றேன்னு சொன்னா என்ன பண்றதுன்னு சொல்லுவா” என்றாள்.

நாற்காலியை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

ஜாய்ஸ் போன் செய்தாள். ஸ்காட்ஸ்பிளஃபில் தன் வீட்டுக் கீழறையைத் தயார் செய்கிறாளாம். சக்கர நாற்காலி நுழையக் குளியலறைக் கதவை அகலப்படுத்திவிட்டாளாம். உன் அக்காவிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்லபடியாகச் செய்கிறாள் என்றுதான் சொன்னேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் வீட்டில் எந்த விளக்கையும் போடவில்லை.

ஒலாத்தே மெதடிஸ்ட் சர்ச்சில் ஒரு பியானோவைச் சுருதி சேர்க்கப் போகிறேன். இன்னொன்றை அவர்கள் எடுத்துப்போகச் சொல்கிறார்கள். அடித்தளத்தில் கிடந்து பலகை உப்பிவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

அடுத்த பாடம் இழுத்துப் போவது. கவலைப்படாதே, லூப் பக்கத்தில் இருப்பாள்.

அன்புடன்,
ஆர்லன்


டெல்டா
ஏப்ரல் 9

அன்புள்ள கார்லீன்,

இதை வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே எழுதிவிடுவது நல்லது. எனக்கு ஒன்றுமில்லை. லூப்புக்கும் ஒன்றுமில்லை. உன் பிக்கப் வண்டிக்கும் டிரெய்லருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

சனிக்கிழமை காலை டிரெய்லரை மாட்டினேன். கொக்கி, சங்கிலி, பிரேக்குக் கம்பி எல்லாம் லூப் சரிபார்த்தாள். அதுவரை எல்லாம் ஒழுங்கு. வாங்க வருகிறவர் பைக்கோடு ஓட்டிப் பார்க்கக் கேட்பார் என்று நினைத்து இரண்டு பைக்கையும் முந்தின நாளே ஏற்றியிருந்தேன். கனமாக இருக்க வேண்டாம் என்று தண்ணீரைக் காலி செய்துவிட்டேன். கருவிப் பெட்டிகளையும் எடுக்க வசதியாகப் பின்கதவுப் பக்கமே அடுக்கினேன். லூப் பின்பக்கம் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தெரியாது.

ஊரைத் தாண்டும்வரை சாதுவாக வந்தது. நெடுஞ்சாலையில் அந்த நீளமான இறக்கம் வந்ததும், யாரோ பின்னால் இருந்து வாலைப் பிடித்து ஆட்டுவதுபோல ஒரு அசைவு. முதலில் காற்று என்று நினைத்தேன். பிறகு கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் இடப்பக்கம் எட்டிப் பார்க்கிறது, அடுத்த கணம் வலப்பக்கம். ஒவ்வொரு வீச்சும் முந்தினதைவிடப் பெரிது. பிக்கப்பின் பின்சக்கரங்கள் தரையில் இருக்கின்றனவா என்றே சந்தேகமாகிவிட்டது. எதிரே ஒரு வைக்கோல் லாரி வந்துகொண்டிருந்தது.

என் கால் பிரேக்குக்குப் போனது. லூப் கத்தவில்லை. பக்கத்து மேசையில் உப்பு கேட்பதுபோலத்தான் சொன்னாள். “காலை எடுங்க. பிரேக்கைத் தொடாதீங்க. முட்டிகிட்ட ஒரு கைப்பிடி இருக்கு பாருங்க, டிரெய்லர் பிரேக்கு, அதை மட்டும் மெல்ல அழுத்துங்க.” அழுத்தினேன். பின்னால் யாரோ கயிற்றை இழுத்துப் பிடித்ததுபோல டிரெய்லர் நேராயிற்று. வைக்கோல் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே கடந்துபோயிற்று.

ஓரம் கட்டினோம். லூப் இறங்கிப் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். “எல்லாத்தையும் வால்ல கட்டிட்டு வந்திருக்கீங்களே, பியானோக்காரரே” என்றாள். பிறகு சாலையோரப் பள்ளத்துக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

பின்பக்கம் கனம் ஏறினால் முன்பக்கம் கொக்கியில் அமர வேண்டிய எடை குறைந்துபோகும் என்று அதற்குப் பிறகு விளக்கினாள். எவ்வளவு ஏற்றலாம் என்பது பாதிதான். எங்கே ஏற்றுகிறோம் என்பதுதான் மீதி. மஞ்சள் தாளில் அது எழுதியிருக்கவில்லை.

அங்கேயே சாமானை மாற்றி அடுக்கி, திரும்பி வரும்போது லூப்தான் ஓட்டினாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் மற்ற நேரத்தில் வரவில்லை என்று ஆகிவிடும்.

தூங்கும் மாத்திரை குறைத்திருக்கிறார்களா? ஜாய்ஸ்தான் சொன்னாள், நீ தூங்குவதில்லை என்று.

என்றும் அன்புடன்,
ஆர்லன்


டெல்டா
மே 15

அன்புள்ள கார்லீன்,

போன் மணி அடித்தபோது பியானோ ஆணியை இறுக்கிக்கொண்டிருந்தேன். எடுத்ததும் உன் குரல். ஆறு மாதத்துக்குப் பிறகு. ‘ஹலோ’ இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை. “மனுஷா, பைக்கு பின்னாடி, பெட்டி பின்னாடி, தண்ணி காலி. உனக்கு மூளை இருக்கா?” என்று தொடங்கினாய். நீ திட்டியதில் பாதியை நான் கேட்கவே இல்லை, மன்னித்துக்கொள். குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், “நீயும் போய்ச் சேந்துட்டா நான் அப்புறம் யாரைத் திட்டறது” என்றாய். ஆஸ்பத்திரியில் யாரோ தட்டு கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு நீ சொன்னதையும் மறக்கவில்லை. இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை ஜாய்ஸ் வேனோடு வருகிறாள், அதில் மாற்றமில்லை என்றாய். “என்னைத் தூக்கி இறக்கி உன் காலம் போயிடும். நான் எவ்வளவு கனம்னு உனக்குத் தெரியாது, ஆர்லன்” என்றாய். போனில் எனக்குப் பதில் வரவில்லை. எப்போதும் எனக்கு ஒரு நாள் கழித்துத்தான் வரும். இந்தத் தடவை இரண்டு வாரம்.

எனக்குத் தெரியும். சக்கர நாற்காலிக் கம்பெனிக்குப் போன் செய்து உன் மின்சார நாற்காலியின் எடையைக் கேட்டேன், பேட்டரி உட்பட. உன் எடையை இங்கே எழுதமாட்டேன், எழுதினால் என்னைத் தொலைத்துவிடுவாய். இரண்டையும் கூட்டினால் ஒரு நிமிர்ந்த பியானோவின் எடை வருகிறது. முப்பது வருடமாக நான் நகர்த்திக்கொண்டிருப்பது அதைத்தான்.

கூட்டிப் பார்த்ததோடு நிற்கவில்லை. ஒலாத்தே சர்ச்சில் எடுத்துப்போகச் சொன்ன பியானோ நினைவிருக்கிறதா? அதை வாங்கிக்கொண்டு வந்து டிரெய்லரில் ஏற்றிப் பார்த்தோம். லூப், அவள் அண்ணன்மார் இருவர், நான். சாய்வுப் பலகையாக விழும் அந்தப் பின்கதவு இரண்டு பைக்கைத் தாங்கும் என்றால் பியானோவையும் தாங்கும். தாங்கியது. ஆனால் சரிவு அதிகம். பாதி வழியில் பியானோ திரும்பி எங்களைப் பார்த்து வர ஆரம்பித்தது. லூப்பின் பெரிய அண்ணன் முதுகைக் கொடுத்து நிறுத்தினார். “இந்தச் சனியனுக்கு வீட்டுக்குள்ள வர இஷ்டமில்ல போல” என்றார்.

யோசித்தேன். முன்பக்கத்து ஜாக்கியை உயர்த்தினால் மூக்கு மேலே போய் வால் கீழே இறங்கும். வால் இறங்கினால் சரிவு படுத்துவிடும். பலகையின் நுனியில் இன்னும் இரண்டு நீளப் பலகை சேர்த்தேன். அடுத்த தடவை நான் ஒருவனே ஒரு கையால் தள்ளி ஏற்றினேன். நாற்காலிக்கு எவ்வளவு சரிவு வரை பரவாயில்லை என்றும் கேட்டு, அளந்து, அதற்குள் கொண்டுவந்துவிட்டேன்.

பியானோவைச் சக்கரத்துக்கு நேர்மேலே வரும்படி நிறுத்தி, உன் பட்டைகளால் நான்கு பக்கமும் கட்டி, தண்ணீரை நிரப்பி, அதே இறக்கத்தில் அதே வேகத்தில் ஓட்டினேன். அசையவில்லை. திரும்பும் வழியில் ஜல்லிக்கற் கிடங்கு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். வரம்புக்குள் இருக்கிறது, மிச்சமும் இருக்கிறது. கருவிப் பெட்டி இரண்டு, வாணலி மூன்று, பாதி எஞ்சின் எல்லாம் இறக்கிவிட்டேன். பைக் இரண்டும் கொட்டகையில் போர்த்தி இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்பது உன் முடிவு. ஹாஃப்ஸ்டெட்டர் மறுபடி கூப்பிட்டார். விற்பதற்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வா என்று உன்னைக் கேட்கப்போவதில்லை. வாசலில் ஒன்பது படி, குளியலறையில் நீ திரும்பக்கூட முடியாது. ஜாய்ஸ் வீடு உனக்கு வசதி. அங்கேதான் நீ போக வேண்டும்.

போன வாரம் முழுவதும் நம் வாசலிலேயே டிரெய்லருக்குள் குடியிருந்து பார்த்தேன். வீட்டுக் குழாயைத் தொடவில்லை, வீட்டு மின்சாரத்தைத் தொடவில்லை. ஹீட்டரின் விசிறி பேட்டரியைக் குடித்துவிடும் என்று முதல் நாள் விடியற்காலை நடுங்கிக்கொண்டு கற்றேன். தினம் மாலை ஒரு மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டினால் போதும். பாத்திரத்தை ஒரு தடவை மட்டும் கழுவினால் ஒரு ஆளுக்குத் தண்ணீர் பத்து நாள் வரும். கழிவுத் தொட்டிகளில் எதை முதலில் திறக்க வேண்டும் என்றும் தெரியும். அதைக் கற்ற விதத்தை எழுதமாட்டேன்.

ஆகவே கார்லீன், எங்கே வேண்டுமானாலும் என்னால் இருக்க முடியும். உன் அக்கா வீட்டு முற்றத்தின் ஓரத்தில் முப்பது அடி இடம் போதும். ஜாய்ஸிடம் கேட்டேன். “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரல, அவ சரின்னா எனக்குச் சரி” என்றாள். நெப்ராஸ்காவிலும் பியானோக்கள் சுருதி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். நான் யாருக்கும் தொந்தரவு இல்லை. காலையில் ஒரு காப்பி கொண்டுவந்து உன் ஜன்னலில் வைத்துவிட்டுப் போகிறேன், அது பிடிக்கவில்லை என்றால் அதுவும் வேண்டாம்.

வியாழக்கிழமை மதியத்துக்குள் டென்வர் வந்துவிடுவேன். நீ அனுப்பிய காகிதங்களையும் எடுத்து வருகிறேன். என் முகத்தைப் பார்த்து நீ கேட்டால் அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கடிதத்தில் கேட்டால் போடமாட்டேன்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. முன்னால் ஓட்ட வந்துவிட்டது. பின்னால் எடுக்க வரவில்லை. நான் இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போகிறது, அதை விரட்டிப் பிடிக்கப்போனால் மடங்கிக்கொள்கிறது. லூப் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். உன் அறை வாகனம் நிறுத்தும் பக்கம்தான் என்று ஜாய்ஸ் சொன்னாள். வியாழக்கிழமை உன்னால் முடிந்தால் ஜன்னல் பக்கம் வா. பேச வேண்டாம், கீழே வர வேண்டாம். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கையை மட்டும் காட்டு. நீ காட்டும்வரை நான் அப்படியே நிற்பேன்.

உன்,
ஆர்லன்


ஸ்காட்ஸ்பிளஃப், நெப்ராஸ்கா
ஜூன் 20

அருமை லூப்,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். தோள் இன்னும் முழுசாக வரவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டு நீ மூன்று தடவை செய்தி அனுப்பிவிட்டாய். அவர் எழுதுவார் என்று இருந்தேன். அவர் எழுதினால் ஆறு பக்கம் பியானோ பற்றித்தான் இருக்கும்.

வியாழக்கிழமை காலையிலிருந்து ஜன்னல் பக்கமே போகக்கூடாது என்று இருந்தேன். சாப்பாடு வந்தது, தொடவில்லை. கீழே ஹார்ன் சத்தம் கேட்டது. பார்த்தால் நம் டிரெய்லர் ஆம்புலன்ஸ் வரும் சந்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கிறது. முன்னால் சுவர், பின்னால் இரண்டு ஆம்புலன்ஸ். காவலாளி இரண்டு கையையும் வீசிக் கத்துகிறான். நம்ம ஆள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கழுத்தை நீட்டி மேலே மேலே பார்க்கிறார், எந்த ஜன்னல் என்று தெரியாமல்.

இடப்பக்கம் என்று கை காட்டினேன். என்னைக் கண்டதும் முகம் எல்லாம் சிரிப்பு. உடனே எனக்கு வலப்பக்கமாகத் திருப்பினார். நான் காட்டியது என் இடது, அவர் எடுத்துக்கொண்டது அவர் இடது. விளக்குக் கம்பத்துக்கும் டிரெய்லருக்கும் ஒரு சாண்தான் இருந்தது. ஜன்னல் திறக்கிற ஜன்னல் இல்லை. கண்ணாடியைத் தட்டினேன், கத்தினேன், அவர் மறுபடி சிரித்துக் கையசைத்தார்.

நர்ஸைக்கூடக் கூப்பிடவில்லை லூப். நாற்காலியைத் திருப்பி லிஃப்டில் ஏறி நேரே கீழே போய்விட்டேன். நவம்பருக்குப் பிறகு நான் தனியாக வாசலைத் தாண்டியது அன்றுதான். வெயிலில் கண் கூசியது. காவலாளி ஓடிவந்து, “அம்மா, இந்த ஆளு உங்களுக்குத் தெரிஞ்சவரா?” என்று கேட்டான். “என் புருஷன்” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அவர் இறங்கி வரப்பார்த்தார். “இறங்காதே, அங்கேயே உக்காரு. கையை ஸ்டீயரிங்கோட கீழ் விளிம்புல வை. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகத்து. மெல்ல. இன்னும் மெல்ல. நத்தை மாதிரி” என்றேன். கொஞ்சம் போயிற்று, மடங்கியது, முன்னால் எடுக்கச் சொன்னேன், மறுபடி. ஆம்புலன்ஸ்காரர்கள் கீழே இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் நேராக வந்து நின்றபோது அவர்கள் கை தட்டினார்கள். அவர் ஸ்டீயரிங்மேல் தலையை வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். கதவு உயரம், என் கை அவர் முழங்கைக்குத்தான் எட்டியது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

காகிதங்களைக் கொண்டுவந்திருந்தார். முன்சீட்டில் ஒரு உறைக்குள் இருந்தன. நான் கேட்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை ஜாய்ஸ் வேனில் நான் முன்னால், அவர் பின்னால் டிரெய்லரோடு. வழி முழுவதும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒழுங்காகத்தான் ஓட்டினார். நீ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். அந்த இறக்கத்தில் நீ அவர் பக்கத்தில் இருந்ததற்கு உனக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, அதனால் சொல்லாமல் விடுகிறேன்.

முதல் இரவு கீழறையில் படுத்தேன். ஜாய்ஸ் எல்லாம் அழகாகச் செய்திருக்கிறாள், புதுத் திரை, புது விரிப்பு. மறுநாள் சாயங்காலம் டிரெய்லர் ஹீட்டர் ஏதோ சத்தம் போடுகிறதே, இவர் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று பார்க்கப் பலகை வழியாக மேலே போனேன். உன் அண்ணன்மாரிடம் சொல், சரிவு பிரமாதம். ஹீட்டரைத் தப்பாகத்தான் வைத்திருந்தார். சரி செய்தேன். பிறகு கட்டிலை இறக்கச் சொன்னேன். அன்றிலிருந்து குளிக்க மட்டும் ஜாய்ஸ் வீட்டுக்குள் போகிறேன். கீழறையில் இப்போது அவள் தையல் மெஷினை வைத்துக்கொண்டாள்.

எல்லா நாளும் நன்றாக இல்லை. சில நாள் எழுந்திருக்கவே பிடிப்பதில்லை. அவர் கேட்பதில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு ஏதாவது படிக்கிறார். போன வாரம் இங்கே சர்ச்சில் ஒரு பியானோ கிடைத்துவிட்டது அவருக்கு. என்னையும் கூட்டிப்போய்ச் சுருதி பார்க்கும் இசைக்கவையைப் பிடித்துக்கொள்ள வைத்தார். வேலை செய்தால் கூலி வேண்டும் என்றேன். வழியில் சாப்பிட செர்ரி பை வாங்கிக் கொடுத்தார்.

எத்தனை நாள் இருப்பீர்கள் என்று ஜாய்ஸ் நேற்று கேட்டாள். கோபமாக இல்லை, சும்மாதான். முற்றத்திலிருந்து வெளியே போக வேண்டுமானால் கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவே பின்னாலேயேதான் எடுக்க வேண்டும். அவர் அதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளும்வரை என்று சொன்னேன். தினமும் சாயங்காலம் நான் பின்னால் இருந்து கை காட்டுகிறேன், அவர் ஒவ்வொரு தடவையும் கோணலாக எடுக்கிறார்.

நீ சர்ச்சுக்குப் போகிறவள். உடம்பைப் பார்த்துக்கொள், மலையில் பார்த்து ஓட்டு. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்காக ஒன்று வேண்டிக்கொள். அவருக்கு அந்தப் பின்னால் எடுப்பது சீக்கிரம் வந்துவிட வேண்டாம் என்று.

உன் தோழி,
கார்லீன்